கோடையைத் தாண்டிய பூக்கள்

மார்கழி பிறந்தால் தஞ்சாவூரைச் சுற்றியுள்ள நர்சரிகளில் சின்னச் சின்னக் கறுப்புப் பைகளில் டயாந்தஸ் நாற்றுகள் வந்து இறங்கும். ஒரு சாண் உயரம். சாம்பல் பூத்த பச்சையில் ஒல்லியான இலை. விளிம்பைக் கத்தரியால் பல் பல்லாக வெட்டிவிட்டது போன்ற இதழ். வெள்ளை, ரோஸ், சிவப்பு, ஒரே பூவில் இரண்டு நிறம் என்று வரிசையாக வைத்திருப்பார்கள். "இது வருஷக்கணக்கா நிக்குமாப்பா?" என்று கேட்டால், "பல்லாண்டுச் செடிதான் சார், விதைப் பாக்கெட்டுலயே போட்டிருக்கு" என்பார் கடைக்காரர். பாக்கெட்டில் அப்படித்தான் போட்டிருக்கும். அது பொய்யும் இல்லை. ஆனால் பங்குனி வெயில் ஏறியதும் அந்தச் செடி அடியிலிருந்து காய ஆரம்பிக்கும். சித்திரையில் அக்னி நட்சத்திரம் வருவதற்குள் தொட்டியில் மண்தான் மிச்சம்.

சொந்த ஊரில் பல வருஷம் நிற்கிற செடி நம்மிடம் வந்தால் நான்கு மாதச் செடியாகிவிடுகிறதே, ஏன்? அப்படியானால் நம்மூரில் பல்லாண்டுப் பூ என்று எதைச் சொல்வது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அது நம் கோயில்களின் நந்தவனத்தில், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கல்வெட்டுகளில் போய் நிற்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

டயாந்தஸின் சொந்த ஊர்

டயாந்தஸ் என்பது ஒரே செடியின் பெயர் அல்ல. ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். தெற்கு ஐரோப்பாவின் மலைச் சரிவுகள் தொடங்கி சீனா வரை அதன் உறவினர்கள் பரவியிருக்கிறார்கள். கிரேக்க மொழியில் 'தெய்வத்தின் பூ' என்று பொருள் தரும் சொற்களிலிருந்து அந்தப் பெயர் பிறந்தது. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட தம் பெரிய நூலில் அந்தப் பெயரை நிலைப்படுத்தினார். கல்யாண மேடைகளிலும் பூங்கொத்துகளிலும் நாம் பார்க்கும் கார்னேஷன் இந்தக் குடும்பத்துப் பெரிய அண்ணன். அதற்குக் கிராம்பு வாசனை உண்டு. அதன் அறிவியல் பெயரின் பின்பாதி கிராம்பைக் குறிக்கும் பழைய சொல்தான். நம் நர்சரிக்கு வருவது பெரும்பாலும் சீனத்து வகையும் அதன் கலப்புகளும்.

இந்தக் குடும்பத்துக்குத் தோட்டக்கலை வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு. 1717 வாக்கில் லண்டனை அடுத்த ஹாக்ஸ்டனில் நர்சரி வைத்திருந்த தாமஸ் ஃபேர்சைல்டு என்பவர் 'ஸ்வீட் வில்லியம்' பூவின் மகரந்தத்தை எடுத்து, அதே குடும்பத்துக் கார்னேஷன் பூவில் சேர்த்து ஒரு புதுச் செடியை உண்டாக்கினார். மனிதன் வேண்டுமென்றே செய்து, பதிவாகியிருக்கும் முதல் ஒட்டினம் அது என்பார்கள். அது விதை பிடிக்கவில்லை. அதனால் 'ஃபேர்சைல்டின் கோவேறு கழுதை' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

இந்தச் செடி கேட்பது அதிகம் இல்லை. நல்ல வெயில், ஆனால் குளிர்ந்த இரவு. தண்ணீர் நிற்காத மண். அதில் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து. வாடிய பூவை உடனே கிள்ளிவிட வேண்டும். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் பாதியாக வெட்டிவிட வேண்டும். இரண்டு மூன்று வருஷத்தில் நடுப்பகுதி வெறிச்சோடும்போது, பக்கக் கிளையை மண்ணில் பதியம் போட்டுப் புதுச் செடி எடுத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான். இந்தப் பட்டியலில் நம் டெல்டாவால் தர முடிந்தது வெயில் ஒன்றுதான். சித்திரை, வைகாசியில் நமக்கு இரவுக் குளிர்ச்சி கிடையாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் களிமண்ணில் தண்ணீர் நின்றுவிடும், வேர் அழுகும். மழைக்குத் தப்பினால் வெயில், வெயிலுக்குத் தப்பினால் மழை. நெல்லுக்குப் பொன்னான மண் இந்தச் செடிக்குப் புதைகுழி.

லின்னேயஸின் மாணவர் நம் கடற்கரையில்

டயாந்தஸுக்குப் பெயரை நிலைப்படுத்திய லின்னேயஸுக்கும் நம் பகுதிக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. அவருடைய மாணவர் யொஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அப்போது தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. 1620 முதல் 1845 வரை அது அவர்கள் ஊர். அங்கிருந்த மிஷனுக்கு மருத்துவராக வந்த கோனிக், செடி கொடிகளைச் சேகரிப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். பிறகு ஆற்காட்டு நவாபிடமும், கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் வேலை பார்த்து 1785-இல் ஆந்திரக் கரையில் காலமானார். நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. தினமும் தாளிக்கும்போது ஒரு தரங்கம்பாடிக்காரரை நாம் நினைத்துக்கொள்ளலாம்.

அவர் காலத்துக்கு அடுத்து வந்தவர் நம் இரண்டாம் சரபோஜி மன்னர். 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்தவர். ஸ்வார்ட்ஸ் பாதிரியார் மேற்பார்வையில் படித்தவர். சரஸ்வதி மகாலை வளர்த்ததும், தன்வந்திரி மகாலில் மருத்துவ ஆராய்ச்சி நடத்தியதும், மூலிகைகளை வண்ணப் படங்களாக எழுதச் செய்ததும் தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐரோப்பியர் நம் செடிகளைப் பார்த்து வியந்து எழுதிக்கொண்டிருந்த காலத்தில், நம் அரசர் ஒருவரும் அதே கண்ணோடு செடிகளைப் பார்த்தார் என்பது பெருமைக்குரியது.

ஆனால் ஐரோப்பியப் பூச்செடிகள் சமவெளியில் வேர் பிடிக்கவில்லை. அவை மலை ஏறின. 1848-இல் லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற மக்ஐவர் உதகமண்டலத்துக்கு வந்து, தொட்டபெட்டா சரிவில் அரசுத் தாவரவியல் பூங்காவை உருவாக்கத் தொடங்கினார். கடல் மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிகமான உயரம். டயாந்தஸ் போன்ற செடிகளுக்கு அங்கேதான் சொந்த ஊர்க் காற்று கிடைத்தது. 1896-இல் தொடங்கிய ஊட்டி மலர்க் காட்சிக்கு மே மாத விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போனவர்கள் அங்கே வரிசை வரிசையாக அதைப் பார்த்திருப்பீர்கள். இன்று நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பசுமைக்குடில்களில் கார்னேஷன் பெரிய வியாபாரம். அந்தக் குளிரிலும் வியாபாரத்துக்குப் பயிரிடுகிறவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பழைய செடியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நடுகிறார்கள். ஆக, பல்லாண்டுச் செடி என்ற பெயர் மலையிலேகூடப் பாதிதான் உண்மை.

தஞ்சாவூரில் 1871-72 வாக்கில் நகராட்சி சிவகங்கைப் பூங்காவை அமைத்தது. பெரிய கோயிலை ஒட்டி, சிவகங்கைக் குளத்துக்குப் பக்கத்தில். ஊட்டியில் தோட்டம் போட்ட அதே காலத்து ஆர்வத்தில் பிறந்ததுதான் இதுவும். ஆனால் நம்மில் பலருக்கு அங்கே நினைவில் நிற்பது நிழல் தரும் பெரிய மரங்கள்தான். பூப்பாத்திகள் பருவத்துக்குப் பருவம் மாறும், மரம் நின்றது. மண்ணும் வெயிலும் தீர்ப்புச் சொல்லிவிட்டன.

வந்து தங்கிய பூக்கள்

அப்படியானால் வெளிநாட்டுப் பூ எதுவுமே நம்மூரில் தங்காதா? தங்கும். நாம் நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பூக்களில் பாதி கப்பலேறி வந்தவை.

சாமி மாலையில் இன்று சம்பங்கி இல்லாமல் முடியாது. அந்த நிலச்சம்பங்கி மெக்சிகோவிலிருந்து வந்தது. ஆயுத பூஜைக்குக் கூடை கூடையாக வாங்குகிற துலுக்கச் சாமந்தியும் மெக்சிகோ பக்கத்ததுதான். பெயரிலேயே வெளியூர்க்காரன் என்று எழுதி ஒட்டியிருக்கிறது. கொல்லைப்புறத்தில் தானாக முளைத்து மாலை நாலு மணிக்குப் பூக்கிற அந்திமந்தாரை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. சுடுகாட்டு மேட்டிலும் கோயில் மதில் இடுக்கிலும் நிற்கிற நித்தியகல்யாணியின் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. அதன் சாற்றிலிருந்து 1950-களில் கனடாவில் கண்டெடுத்த மருந்து இன்றைக்கும் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. செவ்வந்தி சீனத்துப் பூ. காகிதப்பூ பிரேசில் பக்கம்.

இவையெல்லாம் ஏன் தங்கின, டயாந்தஸ் ஏன் தங்கவில்லை? இரண்டு காரணம் எனக்குத் தோன்றுகிறது. முதல் காரணம், இவை நம் கோடையைத் தாங்கின. நிலச்சம்பங்கி பூமிக்குள் கிழங்கை வைத்துக்கொண்டு காத்திருக்கும். அந்திமந்தாரையும் அப்படியே. நித்தியகல்யாணிக்குத் தண்ணீர் ஊற்றினவர்களை நான் பார்த்ததே இல்லை. இரண்டாவது காரணம், இவற்றில் பல சாமிக்கும் கூந்தலுக்கும் ஏற்றதாக அமைந்தன. நாரில் தொடுக்க வந்தது, வாசனை இருந்தது, உதிரியாகத் தூவ முடிந்தது. தொடுக்க வராத பூவைத் தமிழ்நாட்டில் யார் வருஷம் முழுக்கப் பராமரிப்பார்கள்? டயாந்தஸுக்குக் காம்பு நீளம். ஜாடியில் வைக்க ஏற்ற பூ. ஜாடியில் பூ வைக்கிற பழக்கம் நமக்கு வெளியிலிருந்து வந்தது.

எங்கிருந்து வந்தது என்பது பூவுக்குத் தடையே இல்லை. கோடையைத் தாண்ட வேண்டும், வீட்டிலோ கோயிலிலோ ஒரு வேலை இருக்க வேண்டும். ஆனால் மல்லிகை, முல்லை மாதிரி உயர்ந்த பூக்களுக்கு இது மட்டும் போதாது. அவற்றுக்கு இன்னொன்றும் வேண்டும். அது ஓர் ஆள்.

திருப்புகலூர் முருகனார்

நன்னிலம் பக்கத்துத் திருப்புகலூருக்குப் போயிருப்பீர்கள். கோயிலைச் சுற்றி அகழி போலத் தீர்த்தம். அந்த ஊரில் வாழ்ந்தவர் அறுபத்து மூவரில் ஒருவரான முருக நாயனார். அவர் போர் செய்யவில்லை, பொருள் கொடுக்கவில்லை, கண்ணைப் பிடுங்கி வைக்கவும் இல்லை. விடியுமுன் குளித்துவிட்டுப் பூப்பறித்து, தொடுத்து, சாமிக்குச் சாத்தினார். அவ்வளவுதான் அவர் தொண்டு. அப்பரும் சம்பந்தரும் அவருடைய மடத்தில் வந்து தங்கியிருக்கிறார்கள்.

சேக்கிழார் பெரியபுராணத்தில் அவரைப் பற்றிச் சொல்லும்போது பூக்களை நான்காகப் பிரிக்கிறார். மரக்கிளையில் பூப்பது கோட்டுப்பூ, கொடியில் பூப்பது கொடிப்பூ, குளத்தில் பூப்பது நீர்ப்பூ, தரையில் சிறு செடியில் பூப்பது நிலப்பூ. நான்கையும் தனித்தனியாகப் பறித்து வைப்பாராம். கோவை, இண்டை, கண்ணி, பிணையல், தொங்கல் என்று கட்டும் விதத்துக்கு ஏற்ப மாலைகளுக்கும் தனித்தனிப் பெயர். இதை நான் பக்திக் கதையாக மட்டும் படிப்பதில்லை. தோட்டக் கணக்காகவும் படிக்கிறேன். செண்பகம், புன்னை போன்ற மரங்கள் ஒருமுறை வளர்ந்துவிட்டால் தலைமுறைக்கும் பூக்கும். முல்லைக்குப் பந்தலும் கவாத்தும் வேண்டும். தாமரைக்கும் கழுநீருக்கும் குளம் தூர்ந்துபோகாமல் இருக்க வேண்டும். நிலப்பூவைப் பருவம் பார்த்து நட வேண்டும். நான்கு வகையும் வைத்திருந்தால் எந்த மாதத்திலும் சாமிக்குப் பூ இல்லாமல் போகாது. தனித்தனிச் செடிக்கு ஓய்வு உண்டு. தோட்டத்துக்கு ஓய்வு கிடையாது. வருஷம் முழுதும் பூக்கும் தோட்டம் என்று இன்றைய புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

பாபநாசம் பக்கம் திருமண்டங்குடியில் பிறந்த தொண்டரடிப்பொடி ஆழ்வாரும் இதே வழிதான். திருவரங்கத்தில் நந்தவனம் வைத்து அரங்கனுக்குத் துளசியும் பூவும் கொடுத்தவர். சைவம், வைணவம் இரண்டிலும் நம் டெல்டாக்காரர் ஒருவர் பூக்கூடையோடு நிற்கிறார்.

சந்திரனும் சூரியனும் உள்ளவரை

பக்தி ஒரு மனிதரோடு முடிந்துவிடலாம். முருகனாருக்குப் பிறகு யார் தண்ணீர் ஊற்றுவது? இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தவர்கள் சோழர் காலத்து மக்கள்.

அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் 'திருநந்தவனம்' என்ற சொல்லும், சாமிக்குச் சாத்தும் மாலையான 'திருப்பள்ளித்தாமம்' என்ற சொல்லும் திரும்பத் திரும்ப வரும். அவற்றோடு 'நந்தவனப்புறம்' என்ற சொல்லும் வரும். கவனிக்க வேண்டியது அதைத்தான். நந்தவனம் என்பது பூச்செடி நிற்கும் இடம். நந்தவனப்புறம் என்பது அந்தத் தோட்டத்தைப் பராமரிப்பதற்காக விடப்பட்ட விளைநிலம். தோட்டத்துக்கு ஒரு நிலம், தோட்டக்காரர் சாப்பாட்டுக்கு இன்னொரு நிலம். தண்ணீர் இறைக்கிறவருக்கும், பூப்பறிக்கிறவருக்கும், மாலை தொடுக்கிறவருக்கும் சோற்றுக்கு இவ்வளவு நெல், துணிக்கு இவ்வளவு என்று எழுதி வைத்தார்கள். அதன் முடிவில், சந்திரனும் சூரியனும் உள்ளவரை இது நடக்க வேண்டும் என்று கல்லில் வெட்டினார்கள்.

பல்லாண்டுப் பூ என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. செடிக்கு ஆயுள் பத்து வருஷமோ பதினைந்து வருஷமோதான். மனிதருக்கு எழுபது, எண்பது. அவர்கள் செடியையும் மனிதரையும் நம்பாமல் ஓர் ஏற்பாட்டை நம்பினார்கள்.

பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்து ஏற்பாடு இன்னும் நுணுக்கம். சாமியின் திருமஞ்சனத் தண்ணீருக்கு வாசனை சேர்க்க ஏலக்காய் அரிசி, செண்பக மொட்டு, இலாமிச்சை வேர் வாங்குவதற்காகக் காசு முதலீடு செய்யப்பட்டது. அந்த முதலை ஊர்ச் சபையார் வாங்கிக்கொள்வார்கள். காசு ஒன்றுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு வட்டி கட்டுவார்கள். அதாவது நூற்றுக்கு பன்னிரண்டரை. முதல் அப்படியே இருக்கும், வட்டியில் செண்பக மொட்டு வரும். வங்கியில் வைப்புத் தொகை போட்டு வட்டியில் மருந்து வாங்கும் நமக்கு இது உடனே புரியும்.

இன்னொரு செய்தியும் சுவையானது. ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு போன்ற பெரிய கொடை ஆவணங்களில், ஊரைத் தானமாகப் பெற்றவர்களுக்கு என்னென்ன உரிமை என்று ஒரு பட்டியல் வரும். சுட்ட செங்கல்லால் மாளிகை கட்டலாம், கிணறு வெட்டலாம் என்ற வரிசையில், தமனகமும் மருவும் செண்பகமும் செங்கழுநீரும் நடலாம் என்றும் இருக்கும். தமனகம் என்பது தவனம், நம் மரிக்கொழுந்து. ஒரு கைப்பிடி மரிக்கொழுந்து நடுவதை மாளிகை கட்டுவதோடு சேர்த்து உரிமையாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அன்றைக்கு வாசனைச் செடிக்கு இருந்த மதிப்பைப் பாருங்கள். தஞ்சாவூர்க் கதம்பத்தில் இன்றும் மல்லிகைக்கும் கனகாம்பரத்துக்கும் நடுவே மரிக்கொழுந்து மணக்கிறது. அந்தச் செப்பேட்டு வரிசையின் மிச்சம் அது.

ஆறு வற்றும்போது பூக்கும் செடி

இங்கே ஒரு டெல்டா ரகசியம் இருக்கிறது. மேட்டூர் அணை 1934-இல் வந்தபிறகு, ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல் என்பது நம் நாட்காட்டி. அதற்கு முன்பும் ஆடிப் பெருக்குக்கு வரும் தண்ணீர் தை, மாசியில் வற்றிவிடும். நெல் இந்தக் கணக்கில் அடங்கிவிடும். மல்லிகை அடங்காது. குண்டுமல்லி முழுவீச்சில் பூப்பது பங்குனி முதல் ஆனி வரை. சரியாக வாய்க்கால் காய்ந்து கிடக்கும் மாதங்கள். ஊரே வெடித்துக் கிடக்கும்போது அதற்குத் தண்ணீர் வேண்டும். அதனால்தான் நந்தவனத்துக்கென்று தனியாகக் கிணறு வெட்டினார்கள், ஏற்றம் போட்டார்கள், ஏற்றம் இறைக்கிறவருக்கு நிலம் விட்டார்கள். நெல்லுக்கு ஆறு போதும், பூவுக்கு ஆள் வேண்டும்.

1950-களின் கடைசியில் எங்கள் ஊர்ச் சிவன் கோயில் நந்தவனத்தை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்ட பண்டாரம் ஐயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பஞ்சாங்கத்தை விட ஒழுங்கு. கார்த்திகைக் கடைசியில் மல்லிகைக்குத் தண்ணீரைக் காயப் போட்டுவிட்டு, முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக வெட்டிவிடுவார். "ஐயோ, செடியைக் கொன்னுட்டீங்களே" என்று என் பாட்டி பதறினால், "அம்மா, பங்குனியில் வந்து பேசுங்க" என்பார். வெட்டிய அடியைச் சுற்றிக் கொத்தி, கூடைக் கூடையாகத் தொழு உரம் போட்டு, பிறகுதான் தண்ணீர். பங்குனியில் பாட்டியின் மடி நிறையும்.

பிற்பாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசைப் பார்த்தேன். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்யச் சொல்கிறது. ஜாதிமல்லிக்கும் முல்லைக்கும் ஜனவரி. செடி ஒன்றுக்குப் பத்து கிலோ தொழு உரம். பண்டாரம் ஐயாவின் முழங்காலும் அந்த 50 சென்டிமீட்டரும் ஒன்றுதான்.

மழைக்காலத்துக்கு அவர் செய்த ஏற்பாடும் நினைவிருக்கிறது. பாத்திகளை ஒரு முழம் உயர்த்தி, நடுவே வடிகால் வெட்டியிருப்பார். ஆற்றுப் படுகையிலிருந்து வண்டல் கொண்டுவந்து களிமண்ணில் கலப்பார். செவ்வந்தியில் பூ முடிந்ததும் அடியிலிருந்து வரும் பக்கக் கன்றுகளைப் பிரித்து நடுவார். மல்லிகைக் கிளையை வளைத்து மண்ணில் பதியம் போடுவார். ஐரோப்பியத் தோட்டக்காரர் கார்னேஷனுக்குச் செய்வதும் இதே பதியம்தான். கையின் வித்தை எல்லா ஊரிலும் ஒன்று. அரளி, நந்தியாவட்டை இரண்டுக்கும் அவர் எதுவுமே செய்ததாக ஞாபகம் இல்லை. "அது கோயிலோட பொறந்தது, அதுக்கு நான் எதுக்கு?" என்பார்.

இன்று

அந்த நந்தவனம் இப்போது இல்லை. கிணறு தூர்ந்துவிட்டது. எங்கள் ஊர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். டெல்டாவில் நந்தவனம் என்ற பெயர் சர்வே எண்ணில் மட்டும் மிஞ்சியிருக்கும் ஊர்கள் நிறைய. செடி பட்டுப்போனதால் தோட்டம் போகவில்லை. தண்ணீர் இறைத்தவருக்கு அளந்த நெல் நின்றது. அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள், போனதில் நியாயமும் இருந்தது. அதற்குப் பிறகுதான் செடி போயிற்று. குத்தகை நெல் வராமல் போன நிலத்தால் யார் வயிற்றை நிரப்ப முடியும்? சந்திரனும் சூரியனும் இன்னும் இருக்கிறார்கள். இடையில் இருந்த ஆள்தான் இல்லை.

இப்போது தஞ்சாவூர் விளார் சாலைப் பூச்சந்தைக்கு விடியற்காலையில் போனால், திண்டுக்கல், நிலக்கோட்டை, ஓசூர் என்று வெளியூர்களிலிருந்து மூட்டைகள் வந்து இறங்குவதைப் பார்க்கலாம். காவிரிக் கரைச் சாமிகளுக்குப் பூ பஸ்ஸிலும் வேனிலும் வருகிறது. அந்த விவசாயிகள் உழைத்து அனுப்புகிறார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் கோயில் மதிலுக்கு உள்ளேயே மண் சும்மா கிடக்க, இருநூறு கிலோமீட்டர் தாண்டிப் பூ வருவதைப் பார்க்கும்போது, அந்தக் கல்வெட்டுகளை வெட்டியவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

டயாந்தஸ் ஆசைப்பட்டு வாங்குகிறவர்களைத் தடுக்கவில்லை. நானும் வருஷம் நான்கு பை வாங்குகிறேன். கார்த்திகைக் கடைசியில், மழை ஓய்ந்தபிறகு வாங்குங்கள். தொட்டியில் பாதிக்குப் பாதி மணல், ஒரு பிடி பழைய சுண்ணாம்புக் காரைத் தூள். தண்ணீரைச் செடியின் தலையில் ஊற்றாமல் ஓரத்தில் ஊற்றுங்கள். வாடிய பூவைக் கிள்ளினால் மாசி வரை கண்ணுக்கு விருந்து. விருந்தாளி விருந்தாளியாகவே வந்து போகட்டும்.

குடியிருக்க வேண்டிய பூவுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். உங்கள் ஊர்க் கோயிலில் நந்தவன இடம் காலியாக இருந்தால், அனுமதி பெற்று முதலில் அரளியும் நந்தியாவட்டையும் பவளமல்லியும் வையுங்கள். கேட்காமல் கொடுப்பவை அவை. அவை நின்றுவிட்ட பிறகு, நான்கு மல்லிகை. ஆனால் மல்லிகை வைப்பதற்கு முன், சித்திரை வெயிலில் தினமும் தண்ணீர் ஊற்றப் போவது யார், அவருக்கு மாதம் எவ்வளவு, அந்தப் பணம் எந்த வட்டியிலிருந்து வரும் என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். ஓய்வூதியம் வாங்கும் பத்துப் பேர் சேர்ந்தால் அந்த முதல் பெரிய தொகை இல்லை. சோழர் காலத்து ஊர்ச் சபையார் செய்ததும் அதுதான். அவர்கள் முதலில் எழுதினார்கள், பிறகு நட்டார்கள்.